மண்டபத்தில் இருந்தவர்கள்

ஜூன் 9, ஞாயிறு

கிணற்று மோட்டார் மறுபடியும் காற்று இழுக்கிறது. அப்பா காலை முழுவதும் அதோடு மல்லுக்கட்டினார். ஊறவைத்த துணியை அலசத் தண்ணீர் இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டுச் சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தி வைத்தேன். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளர். தேர்வானோர் பட்டியலில் என் பெயரைப் பார்த்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்னும் அதைச் சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொடுத்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் உண்டா, எப்போதாவது கைதானதுண்டா? 'இல்லை' என்று எழுதினேன். யோசிக்காமல் நிரப்பிய ஒரே கட்டம் அதுதான்.

மதியம் கோகிலா வந்தாள். நர்சிங் முடித்துவிட்டுக் குவைத்தில் ஒரு மருத்துவமனை வேலைக்காகக் காத்திருப்பவள். பாஸ்போர்ட் விண்ணப்பம் போலீஸ் சரிபார்ப்பில் நின்றுவிட்டதாம்.

"மண்டபத்துக் கேஸாம்டி. அதெல்லாம் ஒரு கேஸா? மத்தியானம் பொட்டலம் குடுத்தாங்க, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினாங்க. என் செருப்பு ஒண்ணு அங்கயே கெடக்கு, அதத் திருடினதா கேஸ் போட்டாக்கூட ஒரு நியாயம் இருக்கு."

போன வருடம் கல்குவாரியை மூடச் சொல்லி எங்கள் ஊர் மறியல் செய்தது. நூற்று நாற்பது பேரைக் கைது செய்து, டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, இருட்டும் முன் விட்டுவிட்டார்கள். அப்படித்தான் வழக்கம். மண்டபத்தில் இருந்துவிட்டு வந்ததை யாரும் கைது என்று எண்ணுவதில்லை. போலீஸ்காரர் வந்து பெயர் எழுதிக்கொள்வார். மாலையில் அந்தத் தாளைக் கிழித்துவிடுவார்கள் என்பது ஊரின் நம்பிக்கை.

நான் அன்று போகவில்லை. தேர்வுக்குப் படிக்க வேண்டியிருந்தது.

ஜூன் 11, செவ்வாய்

வழக்கு எண் தெரிந்தால் வக்கீலைப் பார்க்கலாம் என்கிறாள் கோகிலா. தேடித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். காவல்துறையின் இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு எல்லாம் தேர்ந்தெடுத்தபின் அறிக்கையின் எண்ணைக் கேட்கிறது. எண் தெரியாமல்தான் அங்கே போனேன். எண் தெரிந்தவருக்கு மட்டும் எண்ணைக் காட்டும் கதவு. நான் மனிதர்தானா என்று சோதிக்கும் கோணல்மாணலான எழுத்துகளைத் திரும்பத் திரும்ப அடித்ததில் கண் எரிந்ததுதான் மிச்சம்.

ஜூன் 12, புதன்

காவல் நிலையம் போனோம். எழுத்து வேலை பார்க்கும் ஏட்டையாவை அங்கே ரைட்டர் என்கிறார்கள். கோகிலா பேச, நான் சுவரில் ஒட்டியிருந்த காணாமல் போனவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மண்டபக் கேஸா? எந்த மண்டபம்? எந்தக் கட்சி? வாரத்துக்கு ரெண்டு பேரு மண்டபத்துல உக்காந்துட்டுப் போறீங்க. அப்புறம் பொண்ணு கல்யாணம், பாஸ்போட்டுன்னு இங்க வந்து நிக்கிறீங்க."

"கட்சி இல்ல சார். குவாரி மறியல்."

"ஓ, அந்த ஊரா?" எங்களை இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப் போடும்மா. வரும். மெதுவா வரும்."

ஜூன் 14, வெள்ளி

கிடைத்துவிட்டது.

நீதிமன்ற வழக்குகளுக்கென்று தனியாக ஒரு செயலி இருக்கிறது. அதில் எண் வேண்டாம். பெயரும் ஆண்டும் போதும். கோகிலாவின் பெயரை அடித்தேன். குற்றப்பத்திரிகை எட்டு மாதத்துக்கு முன்பே தாக்கலாகியிருக்கிறது. இதுவரை மூன்று வாய்தாக்கள். ஊரில் ஒருவருக்கும் சம்மன் வரவில்லை. எதிரிகளின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களின், பெயர்களை விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போனேன். முதலில் மறியலை நடத்திய சங்கத்தின் செயலாளர் அழகேசன், அவருடைய இரண்டு மகள்கள். பிறகு பெரியண்ணன், அதாவது அப்பா. அப்பாவுக்கு அடுத்த வரியில் வான்மதி, தகப்பனார் பெயர் பெரியண்ணன்.

எழுந்து போய் ஊறிப்போன துணியைக் குடத்துத் தண்ணீரில் அலசினேன். நாற்றம் பிடித்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தேன். அங்கேயே இருந்தேன்.

போலீஸ் ரேஷன் கார்டைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். வேறெப்படி?

ஜூன் 15, சனி

ரேஷன் கார்டென்றால் அம்மாவின் பெயரும் இருந்திருக்க வேண்டும். இல்லை. ஆள் கணக்கைக் கூட்டிக் காட்ட அழகேசன் சொல்லியிருப்பார். பத்திரிகையில் 'நூறு பேர் கைது' என்று வந்தால் போதாது அவருக்கு.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. மோட்டாருக்கு வாஷர் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அந்த மறியலுக்கு முந்தின நாள் அவர் என் அறை வாசலில் நின்று, "நாளைக்கு நீயும் வந்தா நல்லாயிருக்கும் பாப்பா" என்றார். நான் புத்தகத்திலிருந்து தலையெடுக்காமல், "வேற வேலை இல்லையாப்பா உங்களுக்கெல்லாம்?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்டதுதான். இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை.

ஜூன் 17, திங்கள்

கோகிலாவிடம் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"ஆமா, இருக்கும். பெரியப்பாதான் சொன்னாரே."

"யாரு?"

"உங்கப்பாடி. போலீஸ் பேரு எழுதிக்கிட்டு வர்றப்ப எந்திரிச்சு நின்னு, 'என் மக வான்மதியும் வந்திருக்கா, பொம்பளைங்க பக்கம் இருக்கா, எழுதிக்கங்க'ன்னாரு. நாங்க எல்லாரும் கை தட்டினோம். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்? அதான் திருவிழாவுல ஒனக்கு எல்லாரும் எடம் விட்டுக் குடுத்தாங்க."

இடம் விட்டது நினைவிருக்கிறது. படித்த பெண் என்பதால் என்று எண்ணியிருந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

அப்பா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கேட்டேன். கையைத் தவிட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

"சாயங்காலமே கிழிச்சுப் போட்டுருவாங்கன்னு நெனச்சேன்."

"எதுக்குப்பா சொன்னீங்க?"

"வீடு வீடாப் போயி பொம்பளப் புள்ளைங்கள அனுப்புங்கன்னு கேட்டது நானு. அழகேசன் ரெண்டு மகளையும் கூட்டியாந்திருந்தான்." தவிட்டை மறுபடி கலக்கியபடி, "என் பக்கத்துல எடம் காலியா இருந்துச்சு" என்றார்.



அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "நல்லாக் கேளு. ஒங்க ரெண்டு பேருக்கும் மூஞ்சி பாத்துப் பேசுறதுக்கு நடுவுல ஒரு போலீஸ்காரன் வேண்டியிருக்கு."

ஜூன் 21, வெள்ளி

வக்கீல் ரெஜினா மதுரையில் சங்கத்துக்காக வழக்காடுகிறார். பேச்சில் மரியாதை உண்டு, பரிதாபம் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. நூற்று நாற்பது பேர் மீதான வழக்கை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறார். குவாரிக்கு எதிரான வழக்கிலும் அதே பட்டியலைத்தான் இணைத்திருக்கிறார், ஊரே எதிர்க்கிறது என்பதற்குச் சான்றாக.

"எப்ப முடியும் மேடம்?"

"ஆறு மாசம். ஒரு வருஷமும் ஆகலாம்."

"எனக்கு அடுத்த மாசம் வேலையில சேரணும்."

"தெரியுதும்மா. ஆனா ஒண்ணு சொல்றேன். போலீஸ் எதையாவது எழுதிக் கேட்டா கையெழுத்துப் போடாதீங்க. நீங்க ஒருத்தர் 'நான் இல்ல'ன்னு சொன்னா, மத்தவங்கள்லயும் யாரு இருந்தாங்க யாரு இல்லன்னு விசாரிக்கணும்பாங்க. ரத்து மனு அதோட போச்சு. கோகிலா பாஸ்போர்ட்டும் போச்சு."

திரும்பும்போது பேருந்தில் ஒரு நாவலை விரித்து வைத்திருந்தேன். செய்யாத குற்றத்துக்காகச் சிறை போகிற ஒருவனின் கதை. எழுதியவர் அவனை மிகவும் நேசிக்கிறார். மூடிவிட்டேன்.

ஜூன் 26, புதன்

மாவட்டக் காவல் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். நன்னடத்தைச் சரிபார்ப்பு. இன்ஸ்பெக்டர் என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"படிவத்துல வழக்கு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. எங்ககிட்ட இருக்கு. பொய்த் தகவல் குடுத்தா வேலை ரத்து, தெரியுமில்ல?"

"நான் அங்க போகவே இல்ல சார்."

"அது எங்களுக்கும் தெரியும். வீடியோவுல பாத்துட்டோம், நீங்க இல்ல." சிரித்தார். "அப்ப என்ன பண்ணீங்க?"

"வீட்டுல படிச்சேன்."

"என்ன பாடம்?"

"இந்திய அரசியலமைப்பு."

உண்மையில் அன்று முழுவதும் ஒரு காதல் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். அழவும் செய்தேன்.

தட்டச்சு செய்த ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் அன்று வீட்டில் இருந்தேன் என்ற முதல் வரி சரி. அடுத்தது: சங்க நிர்வாகிகளும் என் தந்தையும் ஆள் எண்ணிக்கையை மிகைப்படுத்திக் காட்ட, வராதவர்களின் பெயர்களையும் கொடுத்தார்கள்.

"வராதவர்கள்னு பன்மையில இருக்கே சார். மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாது."

"நீங்க ஒருத்தர்தானா வரல? ஒருத்தரு பொய்யின்னா பத்துப் பேரு பொய்யா இருக்காதா? உங்க நல்லதுக்குத்தாம்மா."

அந்த ஒருமை பன்மையை மாற்றித் தரச் சொல்லிக் கொஞ்ச நேரம் வாதாடினேன். மாற்றவில்லை. வாதாடியதே போதும் என்பதுபோல் கையெழுத்திட்டேன்.

டீ ஆறியிருந்தது. அதையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஜூலை 1, திங்கள்

மோட்டார் சரியாகிவிட்டது. வாஷர் இல்லை, குழாயில் விரிசலாம். வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 4, வியாழன்

அப்பாவைக் கூட்டிப்போய்விட்டார்கள். சீருடை போடாத இரண்டு பேர் பால் ஊற்றுகிற இடத்தில் வைத்து, "ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க" என்றார்களாம். பால் கேனைப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார்.

நிலையத்தில், "அப்படி யாரையும் கூட்டி வரல" என்றார் ரைட்டர். இந்த முறை நிமிர்ந்து பார்க்கவில்லை. ரெஜினா மேடம் போனில் சொன்னபடி மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். கைதானவர்களின் பெயர்களை அங்கே வெளியே பலகையில் ஒட்ட வேண்டும் என்று சட்டம். பலகை இருந்தது, கண்ணாடியும் பூட்டும் போட்டு. உள்ளே போன மாதத்துத் தாள், வெயிலில் மஞ்சளாகி. புதிய தாள் எங்கே என்று கேட்டேன்.

"சாவி வச்சிருக்கவரு லீவு" என்றார் அங்கிருந்த பெண் காவலர். பிறகு குரலைத் தணித்து, "யாரும்மா?" என்றார்.

"எங்கப்பா."

"ஏதாச்சும் பெரிய கேஸா?"

"பேரு குடுத்த கேஸு."

அவருக்குப் புரியவில்லை. 

ஜூலை 5, வெள்ளி

கிளைச்சிறைகளை வரிசையாகத் தேடி, அடுத்த தாலுகாவில் அப்பாவைக் கண்டுபிடித்தேன். நேற்று மாலையே குற்றவியல் நடுவர் முன் நிறுத்தி, சிறையில் சேர்த்திருக்கிறார்கள். அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல், ஏமாற்றுதல், இன்னும் ஏதோ பிரிவுகள். வாசலில் இருந்த காவலர் ஆளை உறுதிப்படுத்த, சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து வாசித்தார்.

"பெரியண்ணன். வயசு அம்பத்தெட்டு. அங்க அடையாளம்: வலது தோள்பட்டைக்குக் கீழ மச்சம். இடது முழங்கால்ல பழைய வெட்டுத் தழும்பு. சரியா?"

தழும்பு தெரியும். மச்சம் தெரியாது.

"சரிதான் சார்" என்றேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றார். சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டிருந்தார். ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. மாட்டுக்குச் சினை ஊசி போடும் நாளைச் சொன்னார். பிறகுதான்:

"ஜட்ஜம்மா கேட்டாங்க. நீ அன்னிக்கு வந்திருந்தேன்னு சொல்லிட்டேன்."

"என்னப்பா சொல்றீங்க?"

"ஒன்ன மெரட்டி எழுதி வாங்கிட்டாங்கன்னு சொன்னேன்."

"அப்பா, எனக்கு வேலை போயிரும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நீ ஒருத்தி வரலன்னு ஒத்துக்கிட்டா நூத்தி நாப்பது பேரும் பொய்யின்னு ஆயிரும் பாப்பா. தவமணி கைக்கொழந்தையோட வந்தா. கோகிலா ஒத்தச் செருப்போட திரும்பி வந்தா. அவங்கெல்லாம் நெசமா வந்தவங்க."

"நானு?"

நேரம் முடிந்ததென்று காவலர் வலையைத் தட்டினார். அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலாம்.

ஜூலை 6, சனி

அம்மா சமைக்கவில்லை. ஊரில் யாரும் வரவில்லை. கடையில் உப்பு வாங்கப் போனபோது பேச்சு நின்றது, நான் திரும்பியதும் தொடர்ந்தது.

ஜூலை 15, திங்கள்

ஜாமீன் கிடைத்து அப்பா வந்துவிட்டார். அழகேசன் வாசல்வரை வந்து அப்பாவை இறக்கிவிட்டு, உள்ளே வராமல் போனார். எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. நடுவர் முன்பாக என் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டுமாம். 22ஆம் தேதி. பழைய மறியல் வழக்கின் வாய்தாவும் அதே நாள், அதே நீதிமன்றம். செயலியில் இரண்டையும் பார்த்தேன். ஒன்றில் நான் எதிரி, மற்றதில் சாட்சி. இனிமேல் யாரும் எனக்குத் தேடக் கற்றுத்தர வேண்டியதில்லை.

வேலைக்கான கடிதமும் வந்திருக்கிறது. காவல்துறை அறிக்கை சாதகமாக இருந்தால், ஆகஸ்ட் முதல் வாரம் சேரலாம்.

ஜூலை 22, திங்கள்

கோகிலாவும் மற்றவர்களும் சங்க வேனில் வந்திருந்தார்கள். நானும் அப்பாவும் பேருந்தில் போனோம். 

முதலில் மறியல் வழக்கைக் கூப்பிட்டார்கள். டவாலி வாசலில் நின்று பெயர் பெயராகக் கத்த, ஒவ்வொருவராக உள்ளே போய் நின்றார்கள். அப்பா போனார். அடுத்து என் பெயர். போனேன். கூண்டில் இடம் போதாமல் சுவரோரம் வரிசையாக நின்றோம். எனக்குப் பக்கத்தில் தவமணியின் குழந்தை என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. நிஜமாகவே அங்கே நின்றேன், அவர்களோடு, முதல் முறையாக. வாய்தா போட்டார்கள். எல்லோரும் வெளியே வந்தோம்.

சற்று நேரத்தில் மறுபடியும் என் பெயரைக் கூப்பிட்டார்கள். இப்போது தனியாக, நடுவரின் அறைக்கு. என்னை விட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார். மேசையில் குடை ஈரமாகக் கிடந்தது.

"யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்ல மேடம்."

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல. அன்னிக்கு நீங்க அங்க இருந்தீங்களா?"

யோசித்தேன். 'இருந்தேன்' என்று சொல்ல முடியும் என்று தோன்றியது. வாயில் அந்தச் சொல்லை உருட்டியும் பார்த்தேன். கடிதம் பைக்குள் இருந்தது.

"இல்லை" என்றேன்.

உண்மையைச் சொன்னேன். வேலைக்காகச் சொன்னேன். இரண்டுக்கும் ஒரே சொல் போதுமாக இருந்தது. அப்பா என் பெயரைச் சொன்னதைப் பற்றியும் நடுவர் கேட்டார். கோகிலா சொல்லித் தெரிந்துகொண்டேன் என்றேன். அவளுடைய பெயரும் தட்டச்சாகிற ஓசை கேட்டபோதுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் கோகிலா நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"என் பேரையும் சொல்லிட்டியா?"

தலையசைத்தேன்.

"பரவால்லடி. நான் இருந்தேங்கிறதுல எவனுக்கும் சந்தேகம் இல்ல. அதான என் பிரச்சனையே." சிரிக்கப் பார்த்தாள். "ஆபீசர் ஆனதும் சொல்லு. சாதிச் சான்றிதழுக்கு வந்து நிப்பேன்ல, அப்ப உக்காரச் சொல்லுவியா பாக்கலாம்."

வேன் போய்விட்டது. அதில் அப்பாவுக்கு ஓர் இடம் இருந்தது. அழகேசன் இரண்டு முறை கூப்பிட்டார். அப்பா அசையவில்லை. நான் என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவும் இல்லை, நானாகச் சொல்லவும் இல்லை.

பேருந்தில் கூட்டம். இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரம் எனக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டையில் இன்னும் சிறைச் சோப்பின் நெடி, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. நடத்துநர் வந்து, "எத்தன பேரு பெரியவரே?" என்றார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், ஏதோ என்னிடம் அனுமதி கேட்பதைப் போல.

"ரெண்டு" என்றேன் நான்.